இருபத்து நாலரை

அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் வைத்திருந்த பெயர் சொட்டு. மற்ற பிள்ளைகள் ஆய்வகத்தில் பியூரெட் என்ற கோடு போட்ட கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்துவிட்டு, கீழே குடுவையில் நிறம் போகிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் பக்கத்து மேசையோடு கதையடித்துக்கொண்டிருப்பார்கள். இவள் மட்டும் மூக்கு கண்ணாடிக் குழாயில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து நின்று ஒரு சொட்டு விடுவாள். குடுவையைச் சுழற்றுவாள். யோசிப்பாள். இன்னொரு சொட்டு விடுவாள். அதற்குள் மணி அடித்து, அடுத்த வகுப்பு வாசலில் வந்து நின்று முனகும். இவளுக்குக் காதே கேட்காது.

வேதியியல் டீச்சருக்கு அவளைப் பார்த்தால் எரிச்சலும் வரும், பெருமையும் வரும். பதினாறு வருடமாக அவர் பிள்ளைகளுக்குக் கரைசலின் செறிவைச் சொல்லிக்கொடுக்கிறார். பதினாறு வருடமாக அது ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இந்த வருடமும் ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

"எதுல சர்க்கரை ஜாஸ்தி?"

"டம்ளர்லதான் மிஸ்!" கூரை இடிந்து விழுகிற மாதிரி வகுப்பே கத்தியது.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். பின் வரிசையிலிருந்து சொட்டு எழுந்தாள். "சர்க்கரை ரெண்டுலயும் ஒரே அளவுதான் மிஸ். டம்ளர்ல நெருக்கமா இருக்கு, வாளியில தள்ளித் தள்ளி இருக்கு. நாக்குக்குத்தான் வித்தியாசம்." அன்று வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைக்காததுகூட டீச்சருக்கு உறைக்கவில்லை.

சொட்டுக்கு ஒரு அக்கா உண்டு. அவளும் இதே பள்ளிதான், இதே டீச்சர்தான். அரசுக் கல்லூரியில் மருந்தியல் படிப்பு அரை மதிப்பெண்ணில் கைநழுவிப் போய், இப்போது ஒரு ஜவுளிக்கடையில் திறந்ததிலிருந்து மூடும் வரை நின்றபடியே துணி மடிக்கிறாள். தேர்வுக்கு முந்தின வாரம் இவர்களுடைய அம்மா டீச்சரைத் தேடி வந்தார்.

"பெரியவளுக்குத்தான் இல்லன்னு ஆயிடுச்சு. சின்னவளாவது உள்ள போயிடணும் டீச்சர். அரை மார்க்குன்னு யாராவது பேச்சுக்குச் சொன்னாக்கூட எனக்கு அன்னிக்குத் தூக்கம் போயிடுது."

டீச்சர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுத்துத் தேர்வ அவ பாத்துக்குவா. செய்முறையில முப்பதுக்கு முப்பது. அத என்கிட்ட விட்டுடுங்க." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

செய்முறைத் தேர்வு என்பது ஒன்றும் பெரிய மாயமில்லை. ஒரு கேனில் அமிலம், இன்னொரு கேனில் காரம். பிள்ளை காரத்தைப் பிப்பெட் என்ற அளவுக் குழாயால் சரியாக இருபது மில்லி எடுத்துக் குடுவையில் விட வேண்டும். நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டால் அது ரோஜா நிறமாகும். பிறகு மேலே பியூரெட்டிலிருந்து அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஒரு கட்டத்தில், ஒரே சொட்டில், ரோஜா நிறம் போன இடம் தெரியாது. அதுவரை எத்தனை மில்லி அமிலம் இறங்கியதோ அதுதான் விடை. அன்று காலை டீச்சரும் வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரும் சேர்ந்து செய்து பார்த்தபோது பத்தொன்பது புள்ளி ஆறு வந்தது. தேர்வாளருக்குச் சளி. மூக்கைச் சிந்திவிட்டு அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

பத்திரப்படுத்தி என்ன? முதல் குழு வெளியே வந்த ஐந்தாவது நிமிடம் பத்தொன்பது புள்ளி ஆறு குடிநீர்க் குழாயடிக்கு வந்துவிட்டது. மதியத்துக்குள் வாட்ச்மேனுக்கே தெரிந்திருக்கும். வருடா வருடம் இதே கூத்துதான். முதல் குழு கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கும், மற்ற குழுக்கள் நோகாமல் எழுதிவிட்டுப் போகும். இது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். "உன் கண்ணுல பட்டத எழுது, அடுத்தவன் ரீடிங் அடுத்தவனுக்கு" என்று டீச்சர் வருடம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியதை ஒரே ஒரு பிள்ளைதான் காதில் வாங்கியிருந்தாள்.

மூன்றாவது குழுவில் பன்னிரண்டு பேர். சொட்டுக்குக் கடைசி மேசை, ஜன்னல் பக்கம். மற்ற பதினோரு பேரும் முடித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கையைத் தூக்கினாள்.

"மிஸ், இருபத்து நாலரை வருது."

பதினோரு பேனாவும் நின்றன.

"ரெண்டு தடவையும் இருபத்து நாலரைதான் மிஸ்."

முன் மேசைப் பெண் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி நீட்டி பத்தொன்பது, பத்தொன்பது என்று காட்டிக்கொண்டிருந்தாள். அது சொட்டுக்கும் தெரிந்தது, டீச்சருக்கும் தெரிந்தது. தேர்வாளர் கைக்குட்டைக்கு மேலாக டீச்சரையே பார்த்தார். தேர்வு அறையில் விடையைப் பற்றி டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது. ஆனாலும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. வருடம் முழுக்கச் சொன்னதுதான் வாயில் வந்தது.

"கண்ணுல பட்டத எழுது."

சொட்டின் முகம் தெளிந்தது. தலையை ஆட்டிவிட்டு, நிறுத்தி, அழுத்தி எழுதினாள். கால் மணி நேரம் கழித்துத் தேர்வாளர் அந்தத் தாளில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். விடைக்கு உண்டான பத்து மதிப்பெண்ணும் போயிற்று. முப்பதுக்கு இருபது. டீச்சரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், போட்டே ஆக வேண்டும்.

"இருபத்தஞ்சு மில்லி பிப்பெட்ட எடுத்திருப்பா," என்றார் தேர்வாளர், பாவப்பட்டு. "பதட்டத்துல கைக்கு வந்தத எடுத்துடுதுங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா வரும்."

டீச்சர் போட்டுப் பார்த்தார். இருபதுக்குப் பத்தொன்பது புள்ளி ஆறு என்றால் இருபத்தைந்துக்கு இருபத்து நாலரை. பிசிறில்லாமல் வந்தது. "சனியனே, கண்ணத் திறந்து பாத்து எடுக்கக் கூடாதா?" என்று மனதுக்குள் அந்தப் பெண்ணை வைதார். ஆனால் கடைசி மேசையைக் காலி செய்யப் போனபோது அங்கே கிடந்த பிப்பெட்டின் கழுத்தில் இருபது என்றுதான் பொறித்திருந்தது. பிறகு, பிள்ளைகள் எல்லோரும் போன பின், கேனில் மிச்சமிருந்த அமிலத்தைப் பியூரெட்டில் ஊற்றித் தானே செய்து பார்த்தார்.

இருபத்து நாலரை.

மறுபடி செய்தார். இருபத்து நாலரை.

லேப் அண்ணன் தொட்டியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். ஆய்வக உதவியாளர், இருபத்தொன்பது வருட சர்வீஸ், ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம்.

"அண்ணே, இந்தக் கேன்ல ஏதாவது ஊத்துனீங்களா?"

"ஆமா டீச்சர்," என்றார் அவர், பாராட்டுக்குக் காத்திருந்தவர் போல. "மூணாவது பேட்ச்சுக்குப் பத்தல. கேன்ல அளவுக் கோடு பாத்தா ஒரு லிட்டர்தான் கிடக்கு. இந்த வருஷம் எல்லாப் புள்ளைங்களும் நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு ரெண்டு தடவ அமிலத்த விட்டுக் குழாயக் கழுவிடுச்சுங்க. அங்கதான் தீந்துபோச்சு. நான்தான் ஒரு பீக்கர் தண்ணி விட்டுச் சமாளிச்சேன். குழாய்த் தண்ணி இல்ல டீச்சர், காய்ச்சி வடிச்சது."

பீக்கரை எடுத்தும் காட்டினார். கால் லிட்டர்.

அந்தப் பள்ளியில் தண்ணீர் விட்டுச் சமாளிப்பது ஒரு கலை. அலுவலகத்துப் பசையில் தண்ணீர், கழிப்பறை பினாயிலில் தண்ணீர், முத்திரை மையில் தண்ணீர். எது கேட்டாலும் பாதிதான் வரும், மீதியை லேப் அண்ணன் தண்ணீரால் நிரப்பி வருடத்தை ஓட்டிவிடுவார். எந்தத் தலைமையாசிரியரும் இதுவரை குறை சொன்னதில்லை. ஆனால் அமிலத்தில் அவர் கைவைத்தது இதுதான் முதல் தடவை.

"அண்ணே, அமிலத்துல தண்ணி ஊத்தினா எல்லாமே மாறிடுமேண்ணே!"

லேப் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? குடுவையக் கையில வச்சுக்கிட்டு, உள் சுவர்ல எல்லாம் தண்ணியப் பீச்சி அடிச்சு, 'எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் ரீடிங் மாறாது, உள்ள இருக்கற சரக்கு அப்படியேதான் இருக்கும்'னு சொன்னீங்க. வருஷா வருஷம் சொல்றீங்க. நான் இங்கதானே நிக்கிறேன்."

சொன்னதுதான். குடுவைக்குள் அளந்து விட்ட காரத்தில் தண்ணீர் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது, உள்ளே இருக்கும் காரம் அதேதான். பியூரெட்டுக்குப் போகும் அமிலத்தில் சேர்ந்தால் ஒவ்வொரு மில்லியிலும் அமிலம் குறையும், அப்போது அதிக மில்லி இறங்கினால்தான் நிறம் போகும். இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் அவருக்குச் சம்பளம். வகுப்பிலேயே அக்கறையாக அவர் பேச்சைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கடைசி மேசை. இன்னொருவர் தொட்டியடி.

டீச்சர் மெதுவாக விளக்கிச் சொன்னார். லேப் அண்ணன் வாயில் கையை வைத்துக்கொண்டார். "அப்ப அந்தப் புள்ள எழுதினது..."

"அவ எழுதினது மட்டும்தான்ணே சரி."

தேர்வாளர் தலைமையாசிரியர் அறையில் விடைத்தாள் உறைக்கு அரக்கு வைக்க மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டிருந்தார். டீச்சர் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கொடுமை.

"நீங்க சொல்றது நிஜம்தான் மேடம். ஆனா பேப்பர்ல என்ன இருக்கு? ஒரே கேன்லருந்து எடுத்த பன்னெண்டு பேர். பதினோரு பேருக்குப் பத்தொம்பது புள்ளி ஆறு. ஒருத்திக்கு இருபத்து நாலரை. மேல உக்காந்திருக்கறவன் யார நம்புவான்?"

"பதினோரு பேரும் காப்பி அடிச்சாங்க சார்."

"அத எழுதிக் குடுங்க. நான் அனுப்பறேன்." அவர் ஒரு வெள்ளைத்தாளை மேசைமேல் நகர்த்தினார். "முப்பத்தாறு பேரோட தேர்வும் ரத்து ஆகும். விசாரணை வரும். மூணாவது பேட்ச்சுல பதினோரு பேருக்கும் ரெண்டு வருஷம் எந்தத் தேர்வும் எழுத முடியாது. உங்க லேப் ஆளுக்கு என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மறு தேர்வு வெக்கறதுக்குள்ள காலேஜ் சேர்க்கை முடிஞ்சு போயிடும். அந்தப் பொண்ணுக்கும் சேத்துத்தான்."

வெள்ளைத்தாள் மேசைமேல் கிடந்தது. பதினோரு முகமும் டீச்சருக்குத் தெரியும். விரல் காட்டிய பெண்ணுக்குத் திக்குவாய். அவளைப் பேச வைக்கவே அவருக்கு ஆறு மாதம் பிடித்தது. பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

தேர்வாளர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். கவர் இன்னும் ஒட்டல. அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க. அவ கையாலயே அடிச்சிட்டுப் பத்தொம்பது புள்ளி ஆறுன்னு எழுதட்டும், நான் மார்க்கத் திருத்திடறேன். நாலரைக்கு வண்டி வந்துடும், அதுக்குள்ள."

டீச்சர் ஓடினார். நாற்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, சேலை தடுக்கியது, அப்படியும் ஓடினார். கண்ணில் பட்டதை எழுது என்று வருடம் முழுக்கச் சொன்ன அதே வாயால், அடித்துவிட்டுப் பொய்யை எழுது என்று சொல்லத்தான் ஓடுகிறோம் என்பது வாசலைத் தாண்டும்போதே அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் கால் நிற்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் யாரும் இல்லை. "இப்பதான் மிஸ் பஸ் போச்சு," என்றான் ஒரு சின்ன வகுப்புப் பையன். சொட்டு வீட்டில் ஒரே போன்தான், அது அக்காவிடம் இருக்கும். கடையில் வேலை நேரத்தில் போனையெல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு தடவை கூப்பிட்டார். எட்டாவது தடவை கூப்பிடும்போது உறையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அவரைத் தாண்டிப் போனது. முன் சீட்டிலிருந்து தேர்வாளர் கையை விரித்துக் காட்டினார்.

டீச்சரின் வீட்டுக்காரர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கவுண்டர மூடின பிறகு வந்து நின்னா நானும் கண்ணாடிக்கு உள்ளேருந்து கையத்தான் விரிப்பேன்," என்றார். ஆறுதல் சொல்வதாக நினைப்பு. டீச்சர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் லேப் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கையில் இரண்டு பக்கத்துக்குக் கடிதம். அமிலத்தில் தண்ணீர் ஊற்றியது நான்தான், டீச்சருக்கோ பிள்ளைக்கோ இதில் சம்பந்தமில்லை, என்ன தண்டனை கொடுத்தாலும் சரி என்று எழுதியிருந்தார். டீச்சரும் அவருமாகத் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார்கள்.

தலைமையாசிரியர் முதல் பக்கத்தைப் பாதி படித்தார். "இத யாராவது பாத்தாங்களா?"

"இல்ல சார்."

கடிதம் நாலாகக் கிழிந்து கூடைக்குள் போனது. "அஞ்சு மாசம் கழிச்சு மாலை போட்டு அனுப்பி வெக்கிறேன், பேசாம போங்க. நீங்க ரெண்டு பேரும் மனசாட்சிய எறக்கி வெக்கறதுக்கு என் ஸ்கூல்தான் கிடைச்சுதா? ஒருத்திக்காகப் பதினோரு பேரையா? நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் என்ன பண்ணணும்?"

அவர் நிஜமாகவே கேட்டார். வெளியே வராந்தாவில் லேப் அண்ணன், "தண்டனை குடுத்திருந்தாக்கூடத் தேவல," என்றார்.

எழுத்துத் தேர்வுக்கு முன்னால் பத்து நாள் விடுமுறை. சொட்டு தினமும் ஆய்வகத்துக்கு வந்தாள். படிக்க வேண்டிய நேரத்தில் இங்கே என்ன என்று கேட்டதற்கு, "நான் எங்க தப்பு பண்ணினேன்னு தெரியணும் மிஸ். தெரியாம படிப்பு ஏற மாட்டேங்குது," என்றாள். எல்லோருக்கும் பத்தொன்பது புள்ளி ஆறு என்பது அவள் காதுக்கு வந்திருந்தது. டீச்சர் புதிதாக அமிலம் கலந்து கொடுத்தார். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஒரு நோட்டில் அவள் பட்டியல் போட்டிருந்தாள். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருந்திருக்குமோ. கண் மட்டத்துக்குக் குழாயை வைக்காமல் படித்திருப்பேனோ. குடுவையைச் சரியாகக் கழுவவில்லையோ. ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே தப்பாகச் செய்து பார்த்து, எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று குறித்து, அடித்துக்கொண்டே வந்தாள். குமிழிக்கு அரை மில்லி. கண் மட்டம் தப்பினால் பியூரெட்டில் இரண்டு கோடு. எதிலும் ஐந்து மில்லி வரவில்லை. டீச்சர் அலமாரியைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். துடைத்த அலமாரியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

ஆறாம் நாள் சொட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"மிஸ், கண்டுபிடிச்சிட்டேன்!"

"என்னது?"

"இருபத்தஞ்சு மில்லி பிப்பெட்! அலமாரியில ஒண்ணு இருக்கு பாருங்க. அத எடுத்திருக்கேன் மிஸ் நான். கணக்குப் போட்டேன், பத்தொம்பது புள்ளி ஆறு அப்படியே இருபத்து நாலரை ஆகுது. ஒரு சொட்டு அங்க இங்க போகல." அவள் முகம் அப்படி மலர்ந்து டீச்சர் பார்த்ததே இல்லை. "இருபதுன்னு எழுதியிருந்ததப் பாத்த மாதிரிதான் ஞாபகம் இருக்கு. ஆனா பதட்டத்துல கண்ணு தப்பாக் காட்டியிருக்கும், இல்ல மிஸ்? லூசு மாதிரி எடுத்திருக்கேன். இனிமே ஜென்மத்துக்கும் ரெண்டு தடவ பாக்காம பிப்பெட்ட கையில எடுக்க மாட்டேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் படிப்பாள். டீச்சர் வாயைத் திறந்தார். ஆமாம் வரவில்லை. அந்தக் கண்ணைத் தப்பு என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"பிப்பெட் இல்லம்மா," என்றார். "நீ இருபதுதான் எடுத்த. நான் பாத்தேன். கேன்ல தண்ணி கலந்திருந்துச்சு. ஒரு லிட்டருக்குக் கால் லிட்டர். உன் ரீடிங்தான் சரி. உன்னோடது மட்டும்தான் சரி."

யார் கலந்தது என்பதைச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னார். உறை, அரக்கு, பேருந்து நிறுத்தம், கிழிந்த கடிதம் எல்லாம். சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆறு நாளாக இதற்காகத்தான் தவித்தோம் என்று இருந்தது. சொட்டு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டின் ஓரத்தில் ஒன்றே கால் என்று எழுதி, பத்தொன்பது புள்ளி ஆறால் பெருக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"அப்ப மார்க் வராதா மிஸ்?"

"வராதும்மா."

"யார்கிட்டயும் சொல்ல முடியாதா?"

"சொன்னா எல்லாருக்கும் போயிடும். உனக்கும் சேத்து."

"அம்மாகிட்ட?"

சொட்டு நோட்டை மூடினாள். முகத்தில் மலர்ச்சி போன இடம் தெரியவில்லை. அழுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருக்கலாம்.

"ஏன் மிஸ் சொன்னீங்க?"

"உண்மை உனக்குத் தெரிய வேணாமா?"

"பிப்பெட்டாவே இருந்திருக்கலாம் மிஸ்." கோபம்கூட இல்லை அந்தக் குரலில். களைப்புதான் இருந்தது. "என் தப்புன்னா நான் சரி பண்ணிக்குவேன். இத நான் என்ன பண்றது?"

தொட்டியடியில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. லேப் அண்ணன் எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. சொட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கால் லிட்டர் பீக்கரையும் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.